ரின்னுக்குள்ள அடைச்ச ஆம்பிளைத்தனம்

எங்கட ஊரில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் வீடே அதைக் கவனிக்கும். உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று நாள்கணக்காகக் கொடுப்பார்கள். பெடியனுக்குக் குரல் உடைந்தாலோ மீசை அரும்பினாலோ ஆரும் ஒண்டும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்திலும் சுகாதாரப் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தால், "வீட்டை போய் வாசியுங்கோ" என்று தாண்டிவிடுவார்கள். அந்த மௌனத்துக்குள்தான் இப்போது ஒரு கறுப்பு ரின் வந்து குந்தியிருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்துப் படிக்கிற எங்களில் கனபேர் பின்னேரம் ஜிம்முக்குப் போகிறவர்கள். அங்கே கதை எங்கே தொடங்கினாலும் டெஸ்டோஸ்டெரோனில் வந்து நிற்கும். தாடி வளராதவன், மெலிஞ்சவன், காதலி விட்டுட்டுப் போனவன் எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான்: "மச்சான், அமினோ எடு. ஹோமோன் ஏறும்." அந்த ரின் வாங்க மகாபொலக் காசு காணாது. அதுக்காக மத்தியானச் சாப்பாட்டை விடுகிற பெடியளும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஆனபடியால் இது வெறும் பகிடிக் கதை இல்லை.

நாங்கள் கலைப்பீடம். விஞ்ஞானம் ஓ.எல் உடன் முடிஞ்சுது. எண்டாலும் சாப்பாட்டை விட்டு வாங்குகிற ஒன்றைப் பற்றி வடிவாய் வாசிக்க வேண்டும் என்று நினைத்தோம்.

அமினோ அமிலங்கள் புரதத்தைக் கட்டுகிற கற்கள். எங்கள் உடம்பு புரதம் கட்டப் பயன்படுத்துவது 20. அவற்றில் 9 சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். மீன், முட்டை, பால், பருப்பு எல்லாம் அதைத் தருகின்றன. ஆனால் டெஸ்டோஸ்டெரோன் புரதமே இல்லை. கபச்சுரப்பி அனுப்புகிற கட்டளையைக் கேட்டு, கொலஸ்திரோலில் இருந்து விதைகள் செய்கிற ஸ்டீரொய்ட் அது. ஆகவே கல்லைக் கூடக் குவிப்பதால் மட்டும் ஹோமோன் கூடாது.

"டி-அஸ்பார்டிக் அமிலம் எண்டு ஒண்டு இருக்கே?" என்று ஜிம்மில் கேட்பார்கள். இருக்கிறதுதான். 2009இல் இத்தாலியில் 23 ஆண்களுக்கு நாளுக்கு 3 கிராம் அளவில் 12 நாள் கொடுத்துப் பார்த்தபோது, டெஸ்டோஸ்டெரோன் சராசரியாக 42 வீதம் ஏறியது. விற்கிறவர்கள் தூக்கிப் பிடிப்பது இந்த 42ஐத்தான். மிச்சக் கதையைச் சொல்வதில்லை. 2013இல் அமெரிக்காவில், பாரம் தூக்கிப் பழகிய ஆண்களுக்கு 3 கிராம் 28 நாள் கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. 2015இல் அவுஸ்திரேலியாவில், அதேமாதிரி ஆண்களுக்கு 6 கிராம் இரண்டு கிழமை கொடுத்தபோது அளவு இறங்கியது. ஜிம்முக்குப் போகிற எங்களுக்குப் பொருந்துவது பின்னுக்கு உள்ள இரண்டும்தானே?

வெளியில் எழுதியிருப்பது மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எங்கள் நாட்டுக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க தோள்பட்டை வலிக்கு ஒரு மூலிகை மருந்து எடுத்தார். 2011 உலகக் கிண்ணத்தின்போது செய்த பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட ஸ்டீரொய்ட் பிடிபட்டது. அவர் தெரிந்து எடுக்கவில்லை என்று விசாரணை ஏற்றுக்கொண்டும் மூன்று மாதத் தடை கிடைத்தது.

இனி நித்திரைக்கு வருவம். 2011இல் சிக்காகோவில் 10 ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு கிழமை இரவில் 5 மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டெரோன் 10 முதல் 15 வீதம் குறைந்தது. சோதனைக் காலத்தில் எங்கட அறைகளில் விடிய மூன்று மணிக்கும் லைற் எரியும். காலமை ஒரு தேத்தண்ணி, மத்தியானம் ஒரு ரோல்ஸ். பிறகு பின்னேரம் தண்ணியில் கலக்கிய அமினோ. சும்மா கிடைக்கிறதை இரவில் விட்டுவிட்டு, அதையே பின்னேரம் காசு கொடுத்துத் தேடுகிறோம்.

உண்மையாகவே ஹோமோன் குறைந்தவர்களும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கக் காலமையில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாளும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். தாடி அடர்த்தியில்லை என்பது அதற்கு அடையாளம் இல்லை, அது பெரும்பாலும் பரம்பரை. வைத்தியர் சொல்லாமல் ஊசியாக டெஸ்டோஸ்டெரோன் ஏற்றினால், உடம்பு தன்ர உற்பத்தியை நிற்பாட்டி விந்தணுவும் குறைந்துபோகும். அப்பாவாக வேண்டும் என்று நினைக்கிற பெடியன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விசயம் இது.

ஆனால் ஆஸ்பத்திரியில் போய் இதைக் கேட்க ஒருத்தனுக்கும் வாய் வராது. தெரிஞ்ச ஆக்கள் கண்டால் என்ன நினைப்பினம் என்ற வெட்கம். ரின் வாங்க அந்த வெட்கம் தேவையில்லை, காசு இருந்தால் போதும். விற்பனை நடப்பது அங்கேதான்.

எங்கட அறையில் இப்போது ஒருத்தன் ரின்னைப் பற்றிக் கதை எடுத்தால் முதலில் கேட்பது, "இரவு எத்தனை மணிக்குப் படுத்தனி? மத்தியானம் என்ன சாப்பிட்டனி?" என்றுதான். மூன்றாவது கேள்வி கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்: "உனக்கு என்னடா பயம்?"