உள்ளூரில் ஒரு செங்கற் கோபுரம்

திருவனந்தபுரம் என்றதும் வெளியூர் அன்பர்களின் நினைவில் எழுவன அனந்தபத்மநாப சுவாமி கோயிலும், மிருகக்காட்சிச் சாலையும், கோவளம் கடற்கரையுமே. பிழைப்பு நாடி வந்து இங்கேயே தங்கிவிட்ட நம்மவருக்கோ, சாலைக் கடைத்தெருவும் தம்பானூர் ரயில் நிலையமும்தான் ஊர். நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்நிலையத்தில் எழுத்தர் வேலை பார்த்து வருகிறேன். ஆயினும், அங்கிருந்து பஸ் ஏறிச் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய ஓரிடத்தைச் சென்ற திங்கள்தான் முதன்முதலாகக் கண்டேன். அழைத்துச் சென்றவள் என் தங்கை.

அவள் பொருளாதாரத்தில் எம்.ஏ. தேறியவள். நானோ தந்தையார் காலமானதும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். "வங்கித் தேர்வு எழுது, இல்லையேல் ஆவணியில் கல்யாணம்" என்பது அன்னையின் கட்டளை. அவளோ ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னாள். எதைப் பற்றி என்று கேட்டேன். "சாலைத் தெருக் கடைகளில் வேலை செய்த நம்மூர்ச் சிப்பந்திகளைப் பற்றி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தந்தையாரே அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து அத்தெருவில் பாத்திரக் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். அதில் ஆராய என்ன இருக்கிறது?

"ஒரு நாள் என்னுடன் வந்து பாருங்கள், அண்ணே" என்றாள். ஓய்வு நாளொன்றில் புறப்பட்டோம். பாளையம், பட்டம், கேசவதாசபுரம் கடந்து, உள்ளூர் என்னும் பகுதியில் இறங்கி ஆக்குளம் சாலையில் நடந்தோம். இடத்தின் பெயரே உள்ளூர்தான்! அங்கேதான் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும், பூச்சு வேலை முடியுமுன் பணம் தீர்ந்துவிட்டதோ என்றுதான் எண்ணினேன். எங்கு நோக்கினும் பூசப்படாத செங்கல். மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவர் வளைந்து வழிவிட்டுச் செல்கிறது. சன்னல் வைக்க வேண்டிய இடங்களில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள்; அத்துளைகளின் வழியே காற்று வருகிறது, வெயில் கோலமிடுகிறது. நடுவே வட்டக் கோபுரமாக எழுந்து நிற்பது நூலகம். 1917இல் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காமில் பிறந்து, இந்நகரையே தம் ஊராக்கிக்கொண்டு, 2007இல் இங்கேயே மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தவை இவை. ஊரில் கிடைக்கும் மண்ணும் கல்லும் ஊர்க் கொத்தனாரின் கையும் போதும் என்பது அவர் கொள்கை. நின்று பார்க்கப் பார்க்க, பூச்சில்லாததே அழகு என்று எனக்கும் தோன்றலாயிற்று.

முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆதரவோடு, 1970-71இல் இம்மையத்தை நிறுவியவர் பேராசிரியர் கே. என். ராஜ். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவராக விளங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறுதான். பின்னர் டில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், அதை விட்டு இங்கு வந்தார். தலைநகரில் அமர்ந்து நாடு முழுமைக்கும் கணக்கெழுதியவர் ஒரு கோடிக்கு வந்து சேர்ந்தது அக்காலத்தில் பலருக்கு வியப்பாக இருந்திருக்கும்.

நூலகத்தின் அருகே மரநிழலில் அமர்ந்தபோது, தங்கை ஒரு செய்தி சொன்னாள். ஐக்கிய நாடுகள் அமைப்புக்காக இம்மையத்தார் கேரளத்தின் வறுமையைக் குறித்து ஓர் ஆய்வு செய்தனர். அது 1975இல் நூலாக வெளிவந்தது. வருமானம் குறைந்த இம்மாநிலத்தில் எழுத்தறிவும் ஆயுளும் உயர்ந்திருந்த விந்தையை உலகறியச் செய்த நூல் அது. மக்கள் உண்ணும் உணவைக் கணக்கிடுவதில் ஒரு சிக்கல் எழுந்ததாம். வீடுவீடாகச் செய்த பழைய கணக்கெடுப்புகளை நம்பினால், கேரளத்தார் பாதி வயிற்றுக்குத்தான் உண்டார்கள் என்று ஆகிவிடும். மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் அக்கணக்குகளில் சரிவர ஏறவில்லை என்பதை மையத்தார் எடுத்துக்காட்டினர்.

இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாதக் கடைசியில் எங்கள் வீட்டு அடுப்பில் வெந்ததும் மரச்சீனிதானே! அரிசியை மட்டும் எண்ணுகிறவனுக்கு அந்த அடுப்பில் ஒன்றுமே வேகவில்லை என்றுதான் தோன்றும். கொல்லையில் கிழங்கு நிற்பதை அறிந்தவன் ஒருவன் அக்கூட்டத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்துச் சொன்னது என் தொழிலையே தொட்டது. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் தொழிலாளர் மூட்டையுடன் வந்து இறங்குவதை நான் நாள்தோறும் காண்கிறேன். கூட்டம் என்று சொல்வேனேயன்றி, எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இதே நகரிலுள்ள குலாட்டி நிதி, வரியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கேரளத்துக்கு வரும் நெடுந்தூர ரயில்களில் அவர்களை எண்ணியே ஒரு மதிப்பீடு செய்து 2013இல் வெளியிட்டனர். கேரளத்தில் அன்று இருந்த வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம். அவர்கள் ஆண்டொன்றுக்குத் தம் ஊர்களுக்கு அனுப்பிய பணம் 17,500 கோடி ரூபாய்க்கு மேல். என் கண்ணெதிரே வந்து இறங்கியவர்கள்தாம்! பன்னிரண்டாண்டுப் பார்வை வேறு, ஒரு நாள் எண்ணுவது வேறு என்று அப்போது உறைத்தது.

வெளிநாடு சென்ற மலையாளிகளை உள்ளூர் மையத்தார் 1998இல் பதினாயிரம் வீடுகளில் விசாரித்து, 13.6 லட்சம் பேர் என்று கண்டனர். அதே முறையில் தமிழ்நாட்டிலும் 2015இல் இருபதாயிரம் வீடுகளில் ஆய்வு நடந்தது. வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டார் ஏறத்தாழ 22 லட்சம் என்று தெரியவந்தது. மலைக்கு இப்பால் வந்து பாத்திரம் விற்றவர்களுக்கு மட்டும் ஏட்டில் இடமில்லையா என்பது தங்கையின் கேள்வி.

"பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தானே இதெல்லாம்?" என்றேன். நெதர்லாந்து அரசின் உதவியோடு இம்மையம் முன்பு ஒரு திட்டம் நடத்தியதை அவள் சொன்னாள். கல்லூரி ஆசிரியரும் ஊர்த்தொண்டரும் தம் வட்டாரத்துச் செய்தியைத் தாமே ஆராய்வதற்குச் சிறு தொகை அளித்து, எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது என்று பழக்கியும் கொடுத்தார்களாம். பணத்தைவிட அந்தப் பழக்கம்தான் பெரிது என்று எனக்குப் படுகிறது. பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்த ஒரு மூத்த எழுத்தரை நான் இன்றும் மறந்தேனில்லை.

பசிபிக் கடலின் ஃபிஜித் தீவிலும் இப்படி ஒன்று நிகழ்ந்திருக்கிறது. அங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் நம் நாட்டார் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னை வழியே தமிழரும் சென்றனர். சின்னஞ்சிறு தீவு நாடுகள் ஒன்றுகூடி நடத்தும் தென் பசிபிக் பல்கலைக்கழகம் 1968இல் அங்குத் தொடங்கப்பட்டது. அதில் பயின்றவர் பிரிஜ் லால். அத்தகைய கூலி ஒருவரின் பேரர். கப்பலேறிய வடநாட்டவரின் குடியேற்றச் சீட்டுகள் 45,000க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து, அவர்கள் எங்கிருந்து, எந்தக் குலத்திலிருந்து சென்றனர் என்பதை 1983இல் நூலாக்கினார். அச்சீட்டுகளை எழுதியவர்கள் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்தாம். ஒரு கூலியின் பேரர் வந்து படிப்பார் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

நம்மவருள்ளும் ஒருவர் உண்டு. 'மனோன்மணீயம்' இயற்றிய சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1855இல் பிறந்தவர். இந்நகரில் பேராசிரியராக இருந்துகொண்டே கல்வெட்டுகளைத் தேடித் திருவிதாங்கூரின் பழைய அரசர்களின் காலத்தை வரையறுத்தார். தம்மை ஊக்கிய ஹார்வி என்னும் ஆங்கிலப் பேராசிரியரின் பெயரையே பேரூர்க்கடையிலுள்ள தம் இல்லத்துக்குச் சூட்டினார். நாற்பத்திரண்டு வயதுக்குள் இவ்வளவும் செய்தார்.

மாலையில் வீடு திரும்பி அன்னையிடம் விவரம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவுக்குப்பின் தகரப் பெட்டியைத் திறந்து, கம்பியில் கோத்த ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்தார். தந்தையார் மாதந்தோறும் அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிய மணியார்டர்களின் ஒப்புகைச் சீட்டுகள்! ஒவ்வொன்றிலும் பாட்டியின் பெருவிரல் ரேகை. "இதெல்லாம் உதவுமா, பாரு" என்று தங்கையின் மடியில் வைத்தார். அவள் நெடுநேரம் தலை நிமிரவில்லை.

ஆவணியில் பெண் பார்க்க வருவதாக இருந்த தென்காசிக்காரருக்கு, இரண்டாண்டு பொறுத்தருள வேண்டி நான் கடிதம் எழுதிவிட்டேன். மறுமொழி இன்னும் வரவில்லை. தங்கை ஞாயிறுதோறும் சாலைத் தெருவுக்குச் சென்று, முதிய சிப்பந்திகளிடம் கேட்டு எழுதி வருகிறாள். சங்க அன்பர்களின் இல்லங்களிலும் பழைய சிட்டை, பற்றுவரவு நோட்டு, மணியார்டர்ச் சீட்டு முதலியன கிடக்கக் கூடும். கறையானுக்கு விடாமல் சங்க அலுவலகத்தில் தெரிவித்தால், நாங்களே வந்து பார்த்து, படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.