செருப்பில் பாதிக் கதை

கடையத்தில் பெரியத்தை பின்னிய செருப்பைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் குடும்பத்தில் ஒரே பதில்தான் வரும்: “அது மிஷன் பள்ளிக்கூடத்துத் துரைசானி சொல்லிக்கொடுத்தது.” அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு மட்டும் அந்தப் பதில் பல காலமாக உறுத்திக்கொண்டே இருந்தது. சாரல் காலத்தில் சிமெண்டுத் தரை சில்லிட்டுப் போகும்போது வீட்டுக்குள் போட்டு நடக்கிற செருப்பு அது. மேலே பருத்தி நூலில் கொக்கி ஊசியால் போட்ட குரோஷாப் பின்னல். கீழே சாக்குத் துணியை அடுக்கடுக்காக வைத்து நெருக்கித் தைத்த கனத்த அடி. தோல் அடுக்களைக்குள் வரக்கூடாது என்பது ஆச்சியின் கட்டளை. துரைசானி பின்னலைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். சாக்கை அடுக்கி அடி தைக்கவுமா சொல்லிக்கொடுத்தார்?

நெல்லைச் சீமையில் நூல்வேலையின் வரலாற்றைத் தேடுகிறவர் எவரும் முதலில் போய் நிற்கும் இடம் இடையன்குடி. அதற்கும் முன்கதை நாகர்கோவிலில் இருக்கிறது. 1819இல் மிஷனரியான கணவர் சார்லஸ் மால்ட்டுடன் அங்கே வந்த மார்த்தா மால்ட், தம் பெண்கள் பள்ளியில் ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்த வேலையில் கிடைத்த பணத்தைக் கொடுத்துத் தங்களை விடுவித்துக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்தால், அந்தப் பெண்களின் விரல்கள் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கின்றன என்பது புரியும். மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். ரேந்தையும் அவரோடு தேரிக்காட்டுப் பக்கம் வந்தது.

அங்கேதான் வழி அடைபட்டது. நாகர்கோவிலும் இடையன்குடியும் பேர்பெற்ற ரேந்தைக்குக் கொக்கி கிடையாது. உருண்டைத் தலையணை ஒன்றில் மாதிரித் தாளைக் குத்திவைத்து, சின்னச் சின்ன மரக் குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டு, குண்டூசிகளில் நிறுத்தி நிறுத்திச் செய்கிற வேலை அது. பல நூல்கள், பல குச்சிகள். அத்தை பிடித்ததோ ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரே ஒரு நூல். இரண்டும் வேறு வேறு கலைகள்.

காலக்கணக்கும் ஒத்துவரவில்லை. குரோஷாவின் வரலாற்றை ஆண்டுக்கணக்கில் துருவிய டென்மார்க்குக்காரர் லிஸ் பாலுடான், 1800க்கு முன்பு ஐரோப்பாவில் குரோஷா இருந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அச்சில் வந்த மிகப் பழைய குரோஷா மாதிரிகளாகச் சொல்லப்படுபவை 1823இல் ‘பெனலோப்’ என்ற டச்சுப் பத்திரிகையில் வெளியானவை. அப்போது மால்ட் அம்மையார் நாகர்கோவிலுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பிற்காலத்தில் வந்த மிஷன் பெண்கள் குரோஷாவையும் கொண்டுவந்திருக்க முடியும். ஆந்திரத்தில் நரசாபுரத்துக் குரோஷா அப்படி வளர்ந்ததுதான். ஆகவே எங்கள் குடும்பக் கதையைப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் அது செருப்பின் மேல்பாதிக்குத்தான் பொருந்துகிறது.

கீழ்ப்பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைவீதியில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் போனேன். அவரிடம் பேச்சுக் கொடுப்பது எளிதல்ல. பின்னலைக் காட்டினால் பார்க்கவே மாட்டார். “மேல பின்னுனதப் பத்தியே கேக்கிய. கால் படுதது எதுல? அடியிலதான? அதச் சொல்லுங்க மொதல்ல” என்பார். அத்தை எங்கே படித்தார், எந்த ஆண்டு, யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நான் அடுக்கும் எதுவும் அவர் காதில் ஏறாது. சாக்கு அடியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். நகத்தால் தையலை நெம்புவார். “இது வீட்டுல தச்சது இல்லம்மா. பொம்பளையாள் கைக்கு இவ்வளவு இறுக்கம் வராதுன்னு சொல்லல, இந்தத் தையலுக்கு எங்க ஊசி வேணும்” என்றார் ஒருநாள்.

அந்த ஊசியைக் காட்டச் சொன்னேன். மரப் பிடி, கூர்முனை, முனையை ஒட்டி ஒரு வெட்டு. சாக்கு அடுக்கில் மேலிருந்து குத்தினார். கீழே இடது கையில் இருந்த மெழுகு நூலை அந்த வெட்டு கவ்விக்கொண்டது. மேலே இழுத்தபோது ஒரு கண்ணி எழுந்து நின்றது. வழக்கமாக அந்தக் கண்ணிக்குள் இன்னொரு நூலை நுழைத்துப் பூட்டிவிடுவாராம். எனக்காக அப்படிச் செய்யாமல், பக்கத்தில் மறுபடி குத்தி, முதல் கண்ணிக்குள்ளேயே இரண்டாம் கண்ணியை இழுத்தார். பிறகு மூன்றாவது. சாக்கின்மேல் ஒரு சங்கிலி ஓடியது.

அத்தை எந்தப் பின்னலைத் தொடங்கினாலும் முதலில் போட்டது இதே சங்கிலியைத்தான். துணி இல்லாமல் வெறும் காற்றில் போட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றோடு என் தேடல் துரைசானியை விட்டுவிட்டு ஊசியின் பின்னால் போனது. தென்காசியில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் கடைகளில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் குத்துவதும் இந்தக் கொக்கி ஊசியின் மெலிந்த தங்கைதான். அந்த ஆரியின் ஊர் குஜராத். கட்ச் பகுதியில் அதில் கைதேர்ந்தவர்கள் மோச்சிகள். பரம்பரையாகச் செருப்புத் தைத்தவர்கள். தோலில் சங்கிலித் தையல் போட்ட குத்தூசியை மெலிதாக்கிப் பட்டிலும் பருத்தியிலும் பூவேலை செய்தார்கள். அவர்கள் வேலை முகலாய அரண்மனைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போனது. அங்கே 18ஆம் நூற்றாண்டின் நடுவில், வட்டச் சட்டத்தில் துணியை இழுத்துப் பிடித்துக் கொக்கி ஊசியால் குத்தும் பூவேலை பிரபுக்குலப் பெண்களின் பொழுதுபோக்காகப் பரவியது. பிரெஞ்சு மன்னனின் காதலி மதாம் பாம்பதூர் பூவேலைச் சட்டம் ஒன்றின் முன் அமர்ந்திருக்கும் ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஓவியர் ட்ரூவே அதை வரைந்தது 1763-64இல். அந்த வேலையிலிருந்து துணியை எடுத்துவிட்டுச் சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டபோது குரோஷா பிறந்தது என்பது ஆய்வாளர்களிடையே வலுவாக இருக்கும் கருத்து. வேறு கருத்துகளும் உண்டு. அண்ணாச்சியின் கையைப் பார்த்த பிறகு எனக்கு இதுதான் மனசுக்குப் படுகிறது.

அப்படியானால், துரைசானியே சொல்லிக்கொடுத்திருந்தாலும், அவர் கையில் இருந்த கொக்கி செருப்புத் தைப்பவரின் ஊசிக்குப் பேத்தி. இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. “பெறகு? ஊசி எங்கள்ட்டதான இருக்கும்” என்றார்.

மேலே ஒரு கை, கீழே வேறொரு கை என்ற ஏற்பாடு உலகில் பல இடங்களில் இருக்கிறது. ஈரானின் கீவே செருப்பில் பெண்கள் வீட்டிலிருந்து பருத்தி நூலில் மேல்பாகத்தைப் பின்னுகிறார்கள். பழந்துணிப் பட்டைகளை அடுக்கிச் சம்மட்டியால் அடித்து இறுக்கி, தோல்வார் கோத்து அடி செய்வது தனிக் கைவினைஞரின் வேலை. குர்திஸ்தானில் அதே செருப்புக்குக் கலாஷ் என்று பெயர்; மரிவான் ஊர் அதற்குப் புகழ்பெற்றது. இமாசலத்தின் குல்லு பக்கம் நார்க்கயிற்றைப் பின்னி அடி செய்து, மேலே வண்ண ஆட்டுமயிர் வைத்த ‘பூலா’ போடுகிறார்கள். தோல் ஆகாத கோயிலிலும் அடுக்களையிலும் அதற்கு அனுமதி உண்டு. ஆச்சியின் கட்டளை இமயமலை வரை செல்லுபடியாகியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோனேன். 2022 சனவரியில் காசி விசுவநாதர் கோயில் பணியாளர்கள் குளிரில் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்று பிரதமர் அனுப்பிவைத்த 100 சோடியும் சணல் செருப்புதான்.

அத்தையின் சாக்கு அடியைத் தைத்தவர் பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பின்னியவரை நினைவு வைத்திருக்கிறோம், கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் வெள்ளைக்காரப் பெண்மணிக்கும் ஓரிடம் கொடுத்திருக்கிறோம். இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து தைத்தவரை விட்டுவிட்டோம். இது எனக்கு வலிக்கிறது.

இப்போது அண்ணாச்சியும் நானும் சேர்ந்து புதிதாக ஒரு சோடி செய்துகொண்டிருக்கிறோம். முதலில் அடி, அதன் அளவுக்குத்தான் பின்னல் என்பது அவர் வைத்த நிபந்தனை. சணல் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் மக்கிவிடும். குற்றாலச் சாரலில் ஈரமில்லாத திண்ணை ஏது? ஆகவே சாக்கு அடுக்கின் கீழே மெல்லிய ரப்பரைச் சொல்யூஷன் போட்டு ஒட்டுகிறார். ஸ்பெயினின் எஸ்பாட்ரில் செருப்பிலும் சணல் கயிற்று அடிக்குக் கீழே ரப்பர் பூசுவார்கள் என்றதும், “அவனுக்கும் மழை உண்டும்லா” என்றார். பின்னலைப் பிடிக்கும் துளைகளை அடியின் கீழே வரைக்கும் போக விடமாட்டார். மேல்விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே குத்திப் பக்கவாட்டில் வெளியே எடுக்கிறார். நூல் தரையில் உரசினால் செருப்பு மழைக்காலத்தைத் தாண்டாது. துளைகளை மிக நெருக்கி வைத்தாலும் அந்தக் கோட்டிலேயே சாக்கு கிழிந்துவிடும்.

பருத்திப் பின்னல் போடப் போட இளகும். கம்பளியைப் போலச் சுருங்கித் திரும்பாது. அதனால் என் கணக்கில் மேல்பாகத்தைக் காலைவிடச் சற்றுச் சிறிதாக, வழக்கத்தைவிட மெல்லிய ஊசியால் இறுக்கிப் பின்னவேண்டும். அதற்கு அவர் சம்மதித்துவிட்டார். குதிகால்தான் இன்னும் தீரவில்லை. நான் சுற்றிலும் பின்னிக் குதிகாலை மூடவேண்டும் என்கிறேன். வயசானவர்கள் குனியாமல் கால் நுழைக்கவேண்டும், பின்னால் திறந்தே இருக்கட்டும் என்கிறார் அவர். அத்தையின் செருப்பில் குதிகால் மூடியிருந்தது. “அது அவங்க நடந்த காலத்துல, சரி. இப்ப ஆருக்குத் தைக்கிய?” என்று கேட்டார். இரண்டு விதமாகவும் ஒவ்வொன்று தைத்து, முட்டுவலியோடு இருக்கும் சித்தியைப் போட்டு நடக்கச் சொல்வதாக முடிவு செய்திருக்கிறோம்.