சில்லின் முனகல்

2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். பெற்றோல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட காலம். மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் என ஆரம்பித்திருந்த பங்கு எமது பயணத்துக்குப் போதாதிருந்தது. எனவே நாமும் எம்முடன் கற்பிக்கும் நண்பரும் இரண்டு வண்டிகளின் பயணத்தை ஒரே வண்டியில் முடித்துக்கொள்வது வழக்கமாயிற்று. அன்று காலையும் அவ்வாறே புதுக்குடியிருப்பைத் தாண்டி முல்லைத்தீவு வீதியில் சென்றுகொண்டிருந்தோம்.

முன்சில்லில் ஏதோ அரைபடும் ஓசை எழுந்தது. அடுத்த கணம் கைபிடி நடுங்கியது. சில்லு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வீதியோரத்து மணலில் இறங்கி ஒருவாறு வண்டியை நிறுத்தினோம். எதிரே பேருந்து எதுவும் வராதது எமது நற்பேறு.

“நேற்று மாலை வரை நன்றாகத்தானே ஓடியது! திடீரென்று இப்படியாகிவிட்டதே!” என்றார் நண்பர். நாமும் அவ்வாறே எண்ணினோம். இரண்டு மைல் தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு கராஜை அடைந்தோம்.

கராஜ்காரர் சில்லைக் கழற்றிப் பெயாரிங்கைத் தட்டி வெளியே எடுத்தார். இரண்டு எஃகு வளையங்களுக்கிடையே சிறு குண்டுகள் உருண்டோட வேண்டிய இடம் அது. வண்டியின் பாரமும் ஏறியிருப்போர் பாரமும் அக்குண்டுகள் வழியாகவே நிலத்துக்கு இறங்குகின்றன. அவை வழுக்கி ஓடக் கிறீஸ் வேண்டும். கிறீஸைக் காக்க இறப்பர் மூடி வேண்டும். எமது பெயாரிங்கில் மூடி பிய்ந்திருந்தது. கிறீஸ் இருந்த இடத்தில் செந்நிறத் துருச்சேறே இருந்தது. குண்டுகளைப் பிரித்து வைக்கும் தகட்டுக்கூடு நொறுங்கிப் போயிருந்தது.

“சேர், இது இண்டைக்குப் பழுதானதில்லை. போன மாரியிலை தண்ணி போயிருக்கு. எத்தினை மாதமாய் முனகியிருக்கும்! உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

கேட்டிருந்தது. நாம் அதனை ரயரின் ஓசையென்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். சம்பளநாள் தொலைவிலிருந்தது, அவ்வாண்டில் ரூபாவின் பெறுமதி சரிய உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியிருந்தது. செலவு வைக்கும் ஓசையைக் கேளாதிருப்பது எளிதாயிருந்தது.

புதிய பெயாரிங்குகள் இரண்டை எடுத்துக்கொண்டு உள்ளிருந்து வந்த பையனைக் கண்டதும் நாம் திகைத்தோம். பத்தாம் வகுப்பில் எம்மிடம் கணிதம் படித்தவன். அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

பேச்சைத் தொடங்க வழி தெரியாது, பெயாரிங்கில் பொறித்திருந்த 6301 என்ற எண்ணைக் காட்டி அதன் பொருள் என்னவென்று கேட்டோம்.

“கடைசி ரெண்டு இலக்கமும் நடுத்துளையின்ரை அளவு, சேர். 01 எண்டால் 12 மில்லிமீற்றர். 02 எண்டால் 15. 03 எண்டால் 17. 04இலை இருந்து ஐஞ்சாலை பெருக்கோணும். 04 எண்டால் 20.”

புதியதைப் பொருத்தும்போது வெளிவளையத்தில் மாத்திரமே அடிக்க வேண்டுமென்றும், உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகளில் இறங்கி அன்றே அதனைக் காயப்படுத்துமென்றும் அவனே விளக்கினான். எமது பதிவேட்டில் கணிதத்துக்கு அவன் பெற்றிருந்த புள்ளி 31.

அவன் தந்தை கடற்றொழிலாளி. முதலில் படகுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பின்னர், ஓகஸ்டில், லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. படகு கரையிலேயே கிடந்தது. பையன் முதலில் வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை, பின்பு வாரத்தில் மூன்று நாட்கள் வரவில்லை, பின்பு வரவேயில்லை. ஒவ்வொரு நாளையும் நாமே பதிவேட்டில் குறித்தோம். ஆயினும் ஆசிரியர் அறையில் நாம் பேசிக்கொண்டது, “அவன் திடீரென நின்றுவிட்டான்” என்பதே.

1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. பள்ளிக் கட்டணம் ஒழிந்தது, பசி ஒழியவில்லை. கடலுக்குப் போகாத படகின் பாரம் முழுவதும் ஒரு சிறுவனின் தோள்மீது இறங்கும்போது, எந்தச் சட்டமும் தானாக வந்து அவனைத் தாங்குவதில்லை. பாரத்தைப் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடு இல்லாத சமுதாயத்தில் மிகச் சிறியதே முதலில் நொறுங்குகிறது. அந்த ஏற்பாட்டைக் கோரிப் போராடுவது ஆசிரியரின் கடமை. அதனுடன், நொறுங்குமுன் எழும் ஓசையைக் கேட்பதும் அவருடைய கடமையே. இரண்டாவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கராஜ்காரரிடம் பேசினோம். “ஞாயிறு காலமை நான் விடுறன், சேர், நீங்கள் வந்து சொல்லிக் குடுப்பியளோ?” என்று அவர் திருப்பிக் கேட்டார். சென்றோம். பையன் பின்னர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதினான். கணிதத்தில் சாதாரண சித்தி பெற்றான். கராஜை விட்டு அவன் திரும்பி வரவில்லை. அதனை வெற்றியென்று நாம் சொல்லமாட்டோம்.

இப்போது எமது பாடசாலையில், ஒரு பிள்ளை இரண்டு வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்து வராவிட்டால், அன்று மாலையே எம்மில் ஒருவர் அவ்வீட்டுப் படலையைத் தட்டுகிறோம்.