காங்கேசன்துறையின் கல்லும் நீரும்

யாழ்ப்பாண நகருக்கு நேர்வடக்கே ஏறக்குறைய 11 மைல் தூரத்தில், புகையிரதப் பாதை முடிந்து கடல் தொடங்கும் இடத்திற் காங்கேசன்துறை அமைந்துள்ளது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் எனச் செம்மண் தோட்டங்களையும் பனங்கூடல்களையும் ஊடறுத்துச் செல்லும் வண்டி, இறுதியில் உப்புக்காற்று முகத்தில் அறையும் ஒரு நிலையத்தில் வந்து ஓய்கின்றது. காங்கேயன் எனப்படும் முருகப்பெருமானின் திருவுருவம் கடல்வழியாக வந்திறங்கிய துறையாதலின் இவ்வூர் இப்பெயர் பெற்றதென்பது மாவிட்டபுரக் கோயிலைச் சார்ந்த ஐதீகம். ஆயினும் சென்ற தலைமுறையாரிடம் காங்கேசன்துறை என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் நினைவு வருவது சீமெந்துதான்.

1990 ஆம் ஆண்டில் மூண்ட போரினால் வண்டியும் நின்றது, ஆலையும் நின்றது, சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்களும் உடுத்த துணியோடு வெளியேறினர். வண்டி 2015 ஆம் ஆண்டு சனவரியில் மீண்டும் வந்தது. மக்கள் பகுதி பகுதியாகத் திரும்பினர். இன்னும் தம் காணியைக் காணாதவர்களும் உளர். 2023 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்து சேர்ந்தது. வராதது ஆலையொன்றே.

துறைமுகத்தின் பக்கமாக நடப்பவர், அதன் எஞ்சிய உருவத்தைக் காணாமற் போக முடியாது. கூரையிழந்த மண்டபங்களும், வானம் தெரியும் சுவர்களும், உருளையான பெருங் களஞ்சியங்களும் பற்றையினூடே நிற்கின்றன. இயந்திரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. கொங்கிறீற்றைத் தூக்கிச் செல்வது எளிதன்றாதலின் அது மட்டும் இருக்கின்றது. தான் ஆக்கிய பொருளின் உறுதிக்குத் தானே சாட்சியாக ஓர் ஆலை நிற்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இந்நாடு சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த மூன்று பெருங் கைத்தொழில்கள் உண்டு. பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையிற் காகிதம், காங்கேசன்துறையிற் சீமெந்து. அக்காலத்திற் கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம். 1950 ஆம் ஆண்டிற் காங்கேசன் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இடத்தைத் தெரிவு செய்ததில் வியப்பில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே ஒரு சுண்ணாம்புக்கற் பாளம். காங்கேசன்துறையில் அக்கல் தரைக்கு மிக அண்மையிற் கிடக்கின்றது. களிமண் மட்டும் மன்னாரைச் சேர்ந்த முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. பின்னாளில் இங்கு வெந்த கிளிங்கர், நாட்டின் மறுகோடியிலுள்ள காலிக்கு வண்டியேறிச் சென்று அங்கே அரைக்கப்பட்டது. வடகோடிக் கல்லையும் தென்கோடி அரைவையையும் ஒரு தண்டவாளம் இணைத்திருந்த காலம் அது. 1980 களில் லங்கா சீமெந்து என்னும் இரண்டாவது நிறுவனமும் இங்கே எழுந்தது. 1990 இல் இரண்டும் ஒருங்கே ஓய்ந்தன.

சீமெந்து ஆவது எங்ஙனம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் நுணுக்கிக் கலந்து, சாய்வாகக் கிடந்து சுழலும் நீண்ட உருக்குச் சூளையில், ஏறத்தாழ 1450 பாகை சதமளவை வெப்பத்திற் சுடுகிறார்கள். வெளிவருவது கோலிக்குண்டு போன்ற கருஞ்சாம்பல் நிற உருண்டைகள். அவையே கிளிங்கர். சிறிது ஜிப்சம் சேர்த்து அதை மாவாக அரைத்தாற் சீமெந்து. இதற்குப் 'போட்லாந்து' என்னும் பெயரை 1824 ஆம் ஆண்டில் இட்டவர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த யோசப் அஸ்ப்டின் என்னும் கொத்தனார். இறுகியபின் அது போட்லாந்துத் தீவின் கட்டடக் கல்லைப் போலிருக்கிறதென்பது அவர் கருத்து.

சூளையில் நிகழும் ஒரு காரியத்தை அக்காலத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. 100 இறாத்தல் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 இறாத்தல் சுண்ணாம்பே மிஞ்சும். மற்ற 44 இறாத்தலும் காபனீரொட்சைட்டு வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். விறகை மாற்றினாலும், நிலக்கரியை நிறுத்தினாலும் இது நில்லாது. வாயு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. எரிபொருளின் புகையையும் சேர்த்தால், ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 800 கிலோகிராம் காபனீரொட்சைட்டு எழுகின்றது. உலகம் இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி தொன் சீமெந்து செய்கின்றது. மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இத்தொழிலால் வருவதென்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆலையின் மதிலோரம் ஆடு மேய்த்துக்கொண்டு நின்ற முதியவர் ஒருவர், இளமையில் உள்ளே வேலை செய்தவராம். புகையைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, புகையை விடு. தூள்தான் பெரிசு. பனையோலை, கிணத்துக்கட்டு, காயப்போட்ட வேட்டி எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஆனா மாதம் முடிய மடியிலை காசும் கிடக்கும்" என்றார். பிறகு, "திரும்பத் துறக்கப் போகினமோ?" என்று என்னையே கேட்டார். அவர் குரலில் ஆவல் இருந்ததா, அச்சம் இருந்ததா என்று எனக்குப் பிரித்தறிய இயலவில்லை. இரண்டுமே நியாயமானவை.

கல் எடுத்த குழிகளைப் பார்த்தாலன்றி அந்த அச்சம் விளங்காது. ஆழ அகழ்ந்த வெண்பாறைச் சுவர்களும், அடியிற் பச்சை நிறத் தண்ணீருமாக அவை கிடக்கின்றன. பார்வைக்கு அழகுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதைக் கல்லிடுக்குகள் உறிஞ்சி வைத்திருப்பதே ஆண்டு முழுவதும் எமக்குக் குடிநீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அதுவே பாய்ச்சல். இந்த நன்னீர், கீழேயுள்ள கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது, ஒல்லாந்தர் ஒருவரும் யேர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்டறிந்த விதி. மறுபுறமாகப் பார்த்தால், மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால் உப்பு 40 அடி ஏறிவர இடமுண்டு. நிலாவரைக் கிணற்றில் மேலே இனிப்பும் ஆழத்தில் உவர்ப்புமாக இருப்பதற்கும், கீரிமலைக் கேணியிற் கடலருகே நன்னீர் சுரப்பதற்கும் காரணம் இதுவே.

ஆகவே இங்கே கல்லானது வெறுங் கல்லன்று. நீரை ஏந்திய பாத்திரம். ஆழ வெட்டிய குழியில் வெயில் நன்னீரை நேரே குடிக்கிறது. வற்றிய இடத்தை நிரப்பக் கடல் காத்திருக்கிறது. வயிறு பசித்தவனுக்கு வேலை வேண்டுமென்பதை நான் மறுக்கவில்லை. ஆனாற் சீமெந்தைக் கப்பலில் இறக்கலாம். கிணற்றை இறக்க முடியாது. புத்தளத்து ஆலைக்குக் கல் கொடுக்கும் அருவக்காட்டிற் பழைய கற்குழியொன்று கொழும்பு நகரத்துக் குப்பையைக் கொட்டும் இடமாக முடிந்திருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

எனினும், 'காங்கேசன்துறைக்கும் சீமெந்துக்கும் இனி உறவில்லை' என்று கையை உதறிவிட வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் இத்தொழில் மாறிவரும் விதம் அப்படிப்பட்டது.

நோர்வேயின் தென்கரையில் பிறேவிக் என்றொரு சிற்றூர் உண்டு. அதுவும் கடலோரச் சீமெந்து ஊர். அங்குள்ள ஆலையில் 2025 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு புதிய ஏற்பாடு திறந்து வைக்கப்பட்டது. புகைபோக்கி வழியே வெளியேறும் காபனீரொட்சைட்டை ஒருவகைத் திரவத்திற் கரைத்துப் பிடித்து, குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலேற்றி, வடகடலின் அடித்தரைக்குக் கீழே ஏறக்குறைய 2,600 மீற்றர் ஆழத்திற் செலுத்திவிடுகிறார்கள். ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் பிடிப்பது நோக்கம். அது அவ்வாலை வெளிவிடுவதிற் பாதி. சீமெந்துத் தொழிலில் இத்தகைய பேரளவு முயற்சி உலகில் இதுவே முதலாவது. நம்மவர் பலர் குடியேறி வாழும் நாடாதலின் இச்செய்தி சில வீடுகளில் முன்னரே எட்டியிருக்கும். வியக்கத்தக்கதுதான், ஆனால் எண்ணெய்ப் பணமும் அரசாங்கத்தின் பெருங்கொடையும் உள்ள நாட்டுக்கே அது ஆகும்.

எமக்கேற்ற வழி இன்னொன்று. கிளிங்கரையே குறைத்துவிடுவது. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்துத் தொழினுட்பக் கல்லூரிப் பேராசிரியை காரன் ஸ்கிறிவனர், கியூபாவின் பேராசிரியர் மார்ட்டிரேனா, இந்தியாவிலே தில்லி, சென்னை, பம்பாய் தொழினுட்பக் கழகத்தார் ஆகியோர் சேர்ந்து வளர்த்த முறை இது. கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் ஏறக்குறைய 30 பங்கு, சுடாத சுண்ணாம்புக்கல் 15 பங்கு, மிகுதி ஜிப்சம். களிமண்ணை 800 பாகை அளவிற் சுட்டாற் போதும். அதற்குள் காபனீரொட்சைட்டு அடைபட்டிருப்பதும் இல்லை. இதனால் மொத்தத்தில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வாயு குறைகிறது. இந்தியா 2023 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு நியமத்தையே வகுத்துவிட்டது.

இதிலே ஒரு வேடிக்கை. சுண்ணாம்போடு சுட்ட மண்ணைச் சேர்ப்பது நம் பாட்டன்மாரின் வித்தை. செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்புச் சாந்திற் கலப்பதைச் 'சுர்க்கி' என்றார்கள். 1895 ஆம் ஆண்டில் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணை அச்சாந்தினாற் கட்டப்பட்டதே. உரோமர் எரிமலைச் சாம்பலைச் சேர்த்தனர். பந்தியனின் 142 அடி விட்டமுள்ள கவிமாடம் ஒரு கம்பியுமின்றி ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. கிழவர்கள் கைப்பழக்கத்தாற் கண்டதை ஆய்வுகூடம் இப்போது அளந்து காட்டுகிறது.

எல்லாக் களிமண்ணும் இதற்கு உதவாது. கயோலின் மிகுந்த வெண்களி வேண்டும். முருங்கனின் கருங்களி வேறினம். நீர் பட்டால் வீங்கி, காய்ந்தால் வெடிப்பது. நம் நாட்டின் கயோலின் களி பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் உள்ளது. மீட்டியாகொடை காலி மாவட்டத்தில், தென்கரைப் புகையிரதப் பாதைக்கு அண்மையிலிருக்கிறது. அன்று காங்கேசன்துறைக் கிளிங்கர் காலிக்குப் போயிற்று. நாளை காலியின் சுட்ட களி காங்கேசன்துறைக்கு வரலாம். கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைப்பது புதிதன்று. திருகோணமலையில் நெடுங்காலமாக அதையே செய்கிறார்கள். பழைய ஆலை நிலத்திற் கைத்தொழிற் பேட்டை அமைக்கும் பேச்சு அடிபடும் இந்நாளில், துறைமுகமும் தண்டவாளமும் உள்ள இடத்தில் ஓர் அரைவை ஆலையை எண்ணிப் பார்ப்பதிற் பிழையில்லை. புதிதாக ஒரு குழியும் வெட்டலாகாது என்ற ஒரே நிபந்தனையை மட்டும் எழுத்தில் வைத்துவிட வேண்டும்.

இனி, திரும்பி வந்து வீடு கட்டுவோருக்கு. வலிகாமம் வடக்கில் இன்று ஒழுங்கைதோறும் மணலும் கம்பியும் குவிந்து கிடக்கின்றன. கடலோரத்திற் கொங்கிறீற்றைக் கொல்வது உப்பு. காற்றோடு வரும் உப்பு நுண்துளை வழியே உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிப்பதால் மேற்பூச்சு வெடித்து உதிர்கிறது. உவர்க்கிணற்று நீரிலே குழைத்தால் அந்தக் கேட்டை நாமே உள்ளே வைத்துக் கட்டியதாகும். பையின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். எஸ்.எல்.எஸ். 107 என்றிருந்தாற் சாதாரண போட்லாந்துச் சீமெந்து. 1247 என்றிருந்தாற் சாம்பல் முதலியன கலந்தது. நுரைச்சோலை மின்னிலையத்தின் நிலக்கரிச் சாம்பலும் இவ்வாறு சீமெந்திற் பயன்படுகின்றது. 'கலப்படம்' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். முதல் வாரத்தில் அது சற்று மெல்ல இறுகும். பின்னர் நுண்துளைகள் அடைபட்டு உப்பைத் தடுப்பதில் அதுவே மேல்.

மெல்ல இறுகுவதால் அதற்கு நீர் இன்னும் நெடுநாள் வேண்டும். குழைக்கும்போது வாளி வாளியாக ஊற்றுவதும், வார்த்தபின் மறந்துவிடுவதும் எம்மவரிடையே பரவிய வழக்கம், இரண்டும் தலைகீழ். தையிட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டில் அன்று காலை வார்த்த தட்டின்மேல் மேசன் ஈரச்சாக்கு விரித்துக்கொண்டிருந்தார். ஓரங்களிற் களிமண்ணால் வரம்பு கட்டி, நடுவே நீர் தேக்கியிருந்தது. எத்தனை நாள் இப்படி நிற்கும் என்றேன். "பத்து நாளைக்கு ஒருத்தரையும் ஏற விடமாட்டன்" என்றார் அவர். வீட்டுக்கார அம்மா கிணற்றடியில் அடுத்த வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார்.