மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு

இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றிய கட்டுரை. சிரிக்காமல் படிக்கவும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. நான் அப்போது எட்டாம் வகுப்பு. நோணாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. அம்மா ரேஷன் கார்டைத் தேடினார்கள், அண்ணன் கம்ப்யூட்டரிடம் ஓடினான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிகப் பழைய கம்ப்யூட்டர் அது. பெட்டியைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, பாலிதீன் பையில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தான். அதில்தான் எங்கள் ஆயாவின் போட்டோக்களும் ஒரு வீடியோவும் இருந்தன. ஆயா இப்போது இல்லை. வேறு காப்பியும் இல்லை.

தண்ணீர் வடிந்து, வீடு காய்ந்ததும் அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். அவன் வருவதற்குள் மாட்டி வைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன். அவன் மாட்டும்போது பார்த்திருக்கிறேனே, போதாதா?

அந்தப் பழைய டிஸ்குக்குக் கரண்டு தருவது நான்கு கம்பி உள்ள வெள்ளை கனெக்டர். மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட். நடுவில் உள்ள இரண்டு கறுப்பும் கரண்டு திரும்பிப் போகும் வழி. கனெக்டரின் ஒரு பக்கம் இரண்டு மூலையும் சீவினாற்போல இருக்கும். தலைகீழாகப் போகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. போகவில்லை. இந்த கனெக்டர் எப்பவுமே டைட்டுதான் என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வர, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். போய்விட்டது.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றது. லேசாகக் கருகின வாசனை. அவசரமாகக் கழற்றிப் பழையபடி அரிசி டின்னில் வைத்துவிட்டேன்.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் மாட்டிப் பார்த்தான். ஓடவில்லை. "நான்தான் பைய சரியா சுத்தல போல, ஈரம் எறங்கிடுச்சி" என்று தன்னையே திட்டிக்கொண்டான். அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரியாங்குப்பத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்கார அண்ணா கனெக்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈரம்லாம் இல்ல. யாரோ தலைகீழாப் போட்டு அமுக்கியிருக்காங்க" என்றார். "நான்தான்" என்றேன். குரலே வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிருக்கிறது. ஆனால் அந்த டிஸ்கில் காவலுக்கு மிளகை விடச் சின்னதாய் ஒரு டையோடு இருந்தது. அதிக வோல்ட் வந்ததும் அது தன்னைத்தானே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றிவிட்டது. கடைக்கார அண்ணா அதை எடுத்துவிட்டு, "இனிமே இதுக்குக் காவல் கெடயாது. ஓடறப்பவே காப்பி எடுத்துக்குங்க. எல்லா டிஸ்க்கும் இப்பிடிப் பொழைக்காது" என்றார். டிஸ்க் ஓடியது!

காப்பி ஆகிற நேரத்தில் அவர் எனக்குப் பாடமே நடத்தினார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். பிறகு பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் போர்டில் மிச்சமிருக்கும் கரண்டு பெரும்பாலும் தீரும். பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட வேண்டும், நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் போய்விடும். கழற்றும்போது கம்பியை இழுக்காமல் கனெக்டரைப் பிடிக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நாம் திறக்கவே கூடாது. ஏன் என்று கேட்டேன். 230-ஐ √2-ஆல் பெருக்கச் சொன்னார். 325 வந்தது. அத்தனை வோல்ட் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரில், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்குமாம். (கணக்கு டீச்சர், √2 எதுக்கு என்று இனிமேல் கேட்க மாட்டேன்.)

அமுக்கினது தப்பு என்றால் அமுக்காமல் விடுவதும் தப்புதானாம். 2022-ல் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 கிராஃபிக்ஸ் கார்டு வந்தபோது, வெளிநாடுகளில் சிலருக்குப் பவர் கனெக்டரே உருகிவிட்டது. பல கார்டுகளில் அதை முழுசாக உள்ளே தள்ளாததே காரணம் என்று அந்த நிறுவனம் சொன்னது. அந்த கனெக்டர் 600 வாட் வரை தாங்க வேண்டியது. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். அதே 600 வாட் மிக்ஸிக்கு 230 வோல்ட்டில் 3 ஆம்பியர்கூட வேண்டாம். அவ்வளவு கரண்டு அரைகுறையாகத் தொடும் பின்னில் போனால் சூடேறாமல் என்ன செய்யும்? 2023-ல் அதன் அமைப்பை மாற்றி, சரியாக உட்காராவிட்டால் கார்டு பவர் எடுக்காதபடி செய்தார்கள். கம்ப்யூட்டர் செய்கிறவர்களே திருத்திக்கொண்டார்கள் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "நீயே மாட்டு" என்றான். சீவின மூலையைப் பார்த்து, மஞ்சள் எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை சொல்லிச் சொல்லி மாட்டினேன். நான் முடிக்கும்வரை ப்ளக்கை அவன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆயாவின் வீடியோ 40 விநாடிதான். மீன் ஆய்ந்துகொண்டே, "போன அந்தாண்ட வெய்யிடி, செதிலு தெறிக்குது" என்கிறார்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி