இழுக்கும் சரி, நிக்குமா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. செமஸ்டர், தீசிஸ், புரொஃபசர் தொல்லைன்னு வழக்கமான சாக்கெல்லாம் கைவசம் இருக்கு. ஆனா உண்மையான காரணம் வேற. நான் குடியிருக்கற வீட்டோட ஓனர் தாத்தாவுக்கு ஒரு டிரக் பார்க்க வேண்டியிருந்தது. அதுல கொஞ்சம் மனஸ்தாபம், அப்புறம் சமாதானம். கொஞ்சம் நீளமான பதிவுதான். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

நான் இருக்கறது கொலராடோ மாநிலம், ஃபோர்ட் காலின்ஸ். தாத்தாவும் பாட்டியும் மேல, நான் கீழ பேஸ்மென்ட் ரூம்ல. தாத்தா ரிட்டயர் ஆயிட்டார். வீட்டை வித்துட்டு, ஒரு பெரிய டிரெய்லர் வீட்டை டிரக்குல மாட்டி இழுத்துக்கிட்டு ஊர் ஊராப் போறதுதான் ரெண்டு பேரோட நெடுநாள் கனவு. குளிர்காலத்துக்கு அரிசோனா, கோடைக்கு மலைப்பக்கம். இங்க இது ஒண்ணும் அதிசயமில்லை. அரிசோனாவுல குவார்ட்ஸைட்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, குளிர்காலம் வந்தா பாலைவனம் முழுக்க இந்த மாதிரி வண்டி வீடுங்கதான்.

தாத்தா வாங்கினது ஃபிப்த் வீல்னு சொல்ற வகை. 38 அடி நீளம். பெட்ரூம், சோபா, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளயே. நம்மூர் ஹைவேஸ்ல கண்டெய்னர் இழுத்துக்கிட்டுப் போற டிரெய்லர் லாரி பார்த்திருப்பீங்க இல்லையா, அதே தத்துவம்தான். சாதாரண டிரெய்லரை வண்டியோட பின் பம்பர் பக்கம் ஒரு பந்துல மாட்டுவாங்க. இதுக்கு டிரக்கோட தொட்டிக்குள்ள, பின் அச்சுக்கு நேர் மேல ஒரு கொக்கி. டிரெய்லரோட மூக்குல இருக்கற கிங்பின் அதுல வந்து உக்காரும். குதிரை வண்டிக் காலத்துல முன் அச்சு திரும்பறதுக்காகப் படுக்கை வசத்துல ஒரு வளையம் வைப்பாங்களாம். நாலு சக்கரம் போக அது அஞ்சாவது, அதனால அந்தப் பேரு.

பின் அச்சு மேல உக்கார்றதால டிரெய்லர் வாலாட்டாது, ஓட்ட சுகம். ஆனா சிக்கலும் அதுலதான். சாதாரண டிரெய்லர்னா அதோட எடையில 10லேர்ந்து 15 சதவீதம்தான் டிரக் மேல இறங்கும். ஃபிப்த் வீல்னா 20 சதவீதத்தை ஒட்டி, சிலதுல 25 வரைக்கும். அதாவது இழுக்கறது மட்டுமில்லை, முதுகுல சுமக்கவும் வேணும்.

தாத்தாகிட்ட ஏற்கெனவே டிரக் இருந்தது. முக்கால் டன் வகை, டீசல், ஃபோர் வீல் டிரைவ், தோல் சீட்டு, எல்லா வசதியும். அரை டன், முக்கால் டன், ஒரு டன் எல்லாம் பழைய காலத்துப் பேரு, இப்போ அளவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஃபோர்டுல எஃப்-150, 250, 350ன்னும், ராம், செவர்லேல 1500, 2500, 3500ன்னும் வரிசை. "இந்த டிரக் 18,000 பவுண்டு இழுக்கும், உங்க டிரெய்லர் முழுசா நிரப்பினாலும் 14,000தான். இன்னும் 4,000 கையில இருக்கு"ன்னு டிரெய்லர் வித்த ஆளு சொல்லிட்டான். தாத்தாவுக்கு ஏக சந்தோஷம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மெக்கானிக்கல் படிக்கற புத்தி விடலை. ஒருநாள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூண்ல ஒட்டியிருக்கற மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரைப் படிச்சேன். ஆளுங்க, சாமான் எல்லாம் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கும். தாத்தா டிரக்குல போட்டிருந்தது 2,240. கிலோவுல சொன்னா ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல.

கணக்குப் போடுங்க. 14,000ல 20 சதவீதம் 2,800. கொக்கி 200. தாத்தாவும் பாட்டியும் 360. நாய் 70. டூல் பாக்ஸ், ஜாக்கி, அது இது 170. மொத்தம் 3,600. ஸ்டிக்கரை விட 1,360 பவுண்டு, அதாவது 600 கிலோவுக்கு மேல ஜாஸ்தி. டிரக்கால இழுக்க முடியும்ங்கறது நிஜம். சுமக்கத்தான் முடியாது.

இதுல ஒரு வேடிக்கை. விலை ஏற ஏற டிரக்கோட சுமக்கற சக்தி குறையும். முக்கால் டன் வண்டியில பலதுக்கும் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுலயே நிக்கும், அதைத் தாண்டினா வண்டி அடுத்த வகுப்புக்குப் போயிடும். அந்தப் பத்தாயிரத்துல டீசல் எஞ்சினோட கூடுதல் எடை, ஃபோர் வீல் சாமான், சன் ரூஃப், தோல் சீட்டு எல்லாம் கழிச்சது போக மிச்சம்தான் நமக்கு. கம்பெனி விளம்பரத்துல போடற இழுவைக் கணக்குல டிரைவரும் பக்கத்து சீட்டு ஆளும் தலைக்கு 150 பவுண்டுன்னு எடுத்துக்கறாங்க. இந்த நாட்டுல 150 பவுண்டுல ஆள் தேடணும் :-)

பேப்பர்ல எழுதி தாத்தாகிட்ட காட்டினேன். படிச்சார். மடிச்சு டேபிள் மேல வச்சார். "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் டிரக் ஓட்டறேன்" அப்படின்னார். அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரம் பேச்சில்லை. வழக்கமா பனி கொட்டினா ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாசல் வாருவோம். அந்த வாரம் நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள அவரே வாரி முடிச்சிருந்தார். வாடகை குடுத்து இருக்கற பையன் நமக்கெதுக்கு இந்த வேலைன்னு எனக்கே வெறுத்துப் போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணினேன். அப்பா நாமக்கல்லுல முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். எஞ்சின் இத்தனை குதிரைசக்தி, இத்தனை டார்க்குன்னு நான் அளந்துக்கிட்டிருந்தேன். பொறுமையாக் கேட்டுட்டு, "லோடு எவ்வளவு கண்ணு? காட்டு ரோடு எப்படி?"ன்னு ரெண்டே கேள்வி. சொன்னேன். "ஏறும்ப்பா அது. எறங்கறப்ப நிக்குமா?"ன்னார்.

அப்பா ஏன் அப்படிக் கேட்டார்னு எனக்குத் தெரியும். நான் அஞ்சாவது படிக்கறப்போ, மைசூர் பக்கமிருந்து கல் ஏத்திக்கிட்டு திம்பம் வழியா இறங்கியிருக்கார். 27 கொண்டை ஊசி வளைவு. ஓவர்லோடு. வேண்டாம்னு சொல்லியும் ஓனர் கேக்கலை. பாதி மலையில பிரேக் காய்ஞ்சு புகை வந்து, பெடல் அடி வரைக்கும் போயிடுச்சு. பள்ளத்துப் பக்கம் விடாம மலைப் பக்கம் சாய்ச்சு நிறுத்திட்டார். அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை. கிளீனர் அண்ணனுக்கு ஒரு கால் போச்சு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா அவர் வீட்டுக்குப் போய் உக்காந்துட்டு வருவார். எங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டார்.

இங்க தாத்தா போகப்போற ரோட்டைப் பத்தியும் சொல்லணும். டென்வர்லேர்ந்து மேற்கே போற ஐ-70 நெடுஞ்சாலை, ஐசன்ஹோவர் சுரங்கத்துல கடல் மட்டத்துக்கு 11,000 அடிக்கு மேல ஏறுது. சுரங்கம் தாண்டி சில்வர்தார்ன் ஊருக்கு இறங்கறது 7 சதவீத சரிவு. நூறு அடி போனா ஏழு அடி இறக்கம். பிரேக் போன லாரிங்க ஏறி நிக்கறதுக்குன்னே கூழாங்கல் கொட்டின தனிப்பாதை போட்டு வச்சிருக்காங்க. சும்மா அலங்காரத்துக்குப் போடலை.

டிரெய்லருக்கும் பிரேக் உண்டு, டிரக்குல ஒரு கன்ட்ரோலர் மூலமா அதுவும் சேர்ந்து பிடிக்கும். ஆனாலும் பின்பக்கம் அளவுக்கு மீறி சுமை ஏறினா பின் டயர் சூடாகும், முன் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும், நிறுத்தற தூரம் கூடும். மலை இறக்கத்துல இது மூணும் ஒண்ணா வரும்.

திங்கக்கிழமை பாட்டி கீழ இறங்கி வந்தாங்க. கையில என்னோட பேப்பர். "அந்தப் பக்கத்து சீட்டுல உக்காரப் போறது நான். எனக்குப் புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லு"ன்னாங்க. சொன்னேன். ஒண்ணும் பேசாம மேல போயிட்டாங்க. மேல என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில தாத்தா கதவைத் தட்டினார். "கெளம்பு. எடை போட்டுப் பார்த்துடலாம். அப்புறம் நீ வாயை மூடிக்கணும்."

டிரெய்லர் நிறுத்தியிருந்த இடத்துலேர்ந்து பக்கத்துல இருக்கற லாரி ஸ்டாப்புக்கு, சமதள ரோட்டுல, மெதுவாப் போனோம். அங்க எடைமேடை இருக்கு. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூணையும் தனித்தனியா எடை போட்டுச் சீட்டு குடுப்பாங்க. டிரெய்லர் முழுசா நிரப்பவே இல்லை. தண்ணி டேங்க்கூட காலி (ஒரு கேலன் தண்ணி 8 பவுண்டுக்கு மேல, 60 கேலன்னா 500 பவுண்டு). சீட்டு வந்தது. முன் அச்சு 4,770. பின் அச்சு 6,200. டிரெய்லர் அச்சு 10,550. டிரக்கு மட்டும் 10,970. வரம்பு 10,000. பின் அச்சோட தனி வரம்பையும் 100 பவுண்டு தாண்டியிருந்தது.

தாத்தா சீட்டைக் கையில வச்சுக்கிட்டு ஸ்டியரிங் பின்னாடியே உக்காந்திருந்தார். பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடிச்சதும்தான் நகர்த்தினார். ஓரமா நிறுத்திட்டு, "நீ ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கே?"ன்னார். அப்பத்தான் திம்பம் கதையைச் சொன்னேன். இங்க யார்கிட்டயும் அதுவரைக்கும் சொன்னதில்லை. கேட்டுட்டு, அந்தக் கிளீனர் பேரு என்னன்னார். சொன்னேன். தலையாட்டினார். வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. ஆனா இது போன வாரத்து மௌனம் மாதிரி இல்லை.

அதுக்கப்புறம்தான் நிஜத் தேடல். மூணு வழி இருந்தது.

ஒண்ணு, ஒரு டன், பின்னாடி ஒத்தை டயர், பெட்ரோல். எஞ்சின் எடை குறைச்சலா இருக்கறதால ஸ்டிக்கர்ல 4,000க்கு மேல கிடைக்குது. விலையும் கம்மி. ஆனா டர்போ இல்லாத எஞ்சின், 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். சுரங்கத்துக்கிட்ட மூணுல ஒரு பங்கு காலி. இறக்கத்துல எக்ஸாஸ்ட் பிரேக்கும் கிடையாது.

ரெண்டு, அதே ஒத்தை டயர், டீசல். டர்போ இருக்கு, எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கு. ஆனா நாங்க பார்த்த வண்டியில ஸ்டிக்கர் 3,700. நம்ம தேவை 3,600. பாட்டி நாலு புத்தகம் கூட எடுத்து வச்சா முடிஞ்சது.

மூணு, டூவலி. பின்னாடி பக்கத்துக்கு ரெண்டா நாலு டயர். ஸ்டிக்கர் 5,380. ஒரு டயர் வெடிச்சாலும் மிச்ச மூணு தாங்கும். தொட்டி 8 அடி, அதனால வளைவுல டிரெய்லர் மூக்கு கேபினை இடிக்கற பயமும் கம்மி. குறைன்னா அகலம், சுமார் 8 அடி. பார்க்கிங்ல படுத்தும். வெறும் வண்டியா பனியில ஓட்டினா வழுக்கும்.

பாட்டிதான் டூவலிக்கு எதிர்ப்பு. வீட்டை வித்தா காரையும் விக்கணும், மளிகைக்கடைக்குக்கூட இதைத்தான் ஓட்டிக்கிட்டுப் போகணும். "நான் என்ன லாரி டிரைவரா?" நியாயம்தான். ஒரு நாள் டெஸ்ட் டிரைவுல பாட்டியே ஓட்டிப் பார்த்தாங்க. கடையில கடைசி வரிசையில நிறுத்திட்டு நடந்து வந்துக்கலாம், உடம்புக்கு நல்லதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. பழைய டிரக்கை வித்ததுல கையைக் கடிச்சது, அதனால டூவலி செகண்ட் ஹேண்டுதான். வாங்கறதுக்கு முன்னாடி தாத்தா முதல்ல திறந்து பார்த்தது டிரைவர் கதவுத் தூணை. நான் ஒண்ணும் சொல்லலை, சிரிச்சுக்கிட்டேன்.

போன வாரம் முதல் பயணம். நான் பின் சீட்டுல, நாயோட. சுரங்கம் தாண்டினதும் தாத்தா டோ-ஹால் பட்டனை அழுத்தி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, 45 மைல்ல பிடிச்சார். எஞ்சின் உறுமிக்கிட்டே இறங்குது. கீழ வர்ற வரைக்கும் பிரேக் பெடலைத் தொட்டது மூணோ நாலோ தடவை. சில்வர்தார்ன்ல நிறுத்தி, சக்கரத்துக்குச் சக்கரம் போய் சூடு பார்த்தோம். எல்லாம் சாதாரணம். பாட்டி கண்ணைத் திறந்தாங்க :-)

வாங்கற எண்ணம் இருக்கறவங்களுக்கு நான் கத்துக்கிட்டது நாலு வரியில:

1. விளம்பரத்து இழுவை எண்ணை விட்டுட்டு, நீங்க வாங்கற அதே வண்டியோட கதவு ஸ்டிக்கரைப் படிங்க. ஒரே மாடல்ல வண்டிக்கு வண்டி மாறும்.
2. டிரெய்லரோட காலி எடையை வச்சுக் கணக்குப் போடாதீங்க. முழு எடை வரம்புல 20 சதவீதம் எடுத்துக்குங்க.
3. டிரெய்லரை முதல்ல தீர்மானிச்சு, அதுக்கேத்த டிரக்கை வாங்குங்க. தாத்தா தலைகீழாப் பண்ணினதுதான் இவ்வளவு செலவு.
4. வாங்கினதும் சாமான் ஏத்தி ஒரு தடவை எடை போடுங்க. ஒரு வேளை சாப்பாட்டுச் செலவுதான்.

டிரக் போட்டோவை அப்பாவுக்கு அனுப்பினேன். "பின்னாடி நாலு டயரா? அது போதும்"னு பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு: "அந்தப் பெரியவரை மெதுவாப் போகச் சொல்லு கண்ணு."

டிஸ்கி: மே மாசம் வீட்டை விக்கறாங்க. பாடுபட்டு அவங்களை ரோட்டுல ஏத்தி விட்டுட்டு இப்போ நான் ரூம் தேடிக்கிட்டிருக்கேன். ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க மக்கா, புண்ணியமாப் போகும்.