முதல் கேமராவோடு ரிச்சி தெருவில்

அக்கா மகன் பழைய கேனான் 1500டி ஒன்றை, அதோடு வரும் 18-55 லென்ஸுடன் வாங்கியிருந்தான். துணைச் சாமான்களுக்கு அவன் ஒதுக்கியது 5,000 ரூபாய். எதுவானாலும் நம் கேமராவில் மாட்டிப் பார்த்த பிறகே காசு என்று முடிவு செய்து, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

சென்னையில் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலையைத் தாண்டிச் சற்று நடந்தால் ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலைநாளில்தான் போக வேண்டும். சால்டரிங் புகை வாடை, அட்டைப்பெட்டிகளைக் கட்டிவரும் மீன்பாடி வண்டி, நடைபாதை முழுக்க சார்ஜர், ஒயர். இவற்றுக்கு நடுவே கேமரா சாமான் விற்கும் கடைகள்.

முதல் கடையில் விலை கேட்பதற்குள்ளேயே ஒரு காம்போ பெட்டி மேஜைக்கு வந்துவிட்டது. "புது கேமராவுக்கு இது போதும் தம்பி, எல்லாமே இருக்கு. 1,800தான்." உள்ளே யுவி, சிபிஎல், எஃப்எல்டி என்று மூன்று 58 எம்எம் ஃபில்டர், ஒரு வைடு ஆங்கிள் லென்ஸ், பூவிதழ் வடிவ ஹுட், உள்ளங்கை அளவு டிரைபாட்.

வைடு லென்ஸை முன்னால் திருகி, எதிர்க்கடை போர்டை எடுத்தான். பிறகு அதைக் கழற்றிவிட்டு இன்னொரு படம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். லென்ஸ் மாட்டிய படத்தில் நடு எழுத்து சுமார். ஓரத்தில் இருந்த போன் நம்பர் கரைந்து கிடந்தது. ஹுட்டை மாட்டி ஷட்டரைப் பாதி அழுத்தினான். இந்த 18-55 லென்ஸ் ஃபோகஸ் செய்யும்போது முன்வளையமும் சுழலும். கூடவே ஹுட்டும் சுழன்று, இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனது. "இது சுத்துது மாமா" என்று சிரித்தான். சிபிஎல் ஃபில்டருக்கும் இந்தச் சுழற்சி தொல்லைதான், ஒவ்வொரு ஃபோகஸுக்குப் பிறகும் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். எஃப்எல்டி, டியூப்லைட் வெளிச்சத்தில் ஃபிலிமில் விழும் பச்சைச் சாயத்தைத் திருத்த வந்தது. டிஜிட்டலில் அந்த வேலையை ஒயிட் பேலன்ஸ் பார்த்துக்கொள்ளும்.

மிச்சம் யுவி. கடை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். டியூப்லைட் அப்படியே வெள்ளையாகக் கண்ணாடியில் தெரிந்தது. அலமாரியிலிருந்த 900 ரூபாய் ஃபில்டரையும் வாங்கிப் பக்கத்தில் பிடித்தேன். அதில் மங்கலாக, பச்சையும் ஊதாவுமாக ஒரு கோடு மட்டும். கோட்டிங் இருக்கிறதா என்பதை அட்டையில் படிக்க வேண்டியதே இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஏற்பாடு சென்சார் முன்னாலேயே இருப்பதால், ஃபில்டர் லென்ஸைக் கீறலிலிருந்து காப்பதற்கு மட்டுமே. அதற்கு மூடியே போதும் என்று இரண்டையும் விட்டுவிட்டோம். தூசி ஊதும் ரப்பர் பிளோயர் 150, மைக்ரோஃபைபர் துணி 50. அவற்றை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

மெமரி கார்டில் கடைக்காரர் விரல் வைத்துக் காட்டியது 170 எம்பி என்ற பெரிய எண்ணை. அது படிக்கும் வேகம். கேமராவுக்குத் தேவை எழுதும் வேகம். அதைச் சொல்வது மூலையில் சின்னதாக இருக்கும் வி30 முத்திரை: நொடிக்குக் குறைந்தது 30 எம்பி. 1500டி ஃபுல் எச்டி வீடியோதான் எடுக்கும், 4கே கிடையாது. இந்த வேகம் தாராளம். 64 ஜிபி 800 ரூபாய். பில் போட்டதும் மேஜையிலேயே சீல் பிரித்து, ஃபார்மட் செய்து, தொடர் ஷாட்டில் ஒரு கொத்துப் படம் எடுத்துப் பார்த்தோம். தடங்கல் இல்லை.

இன்னொரு பேட்டரி வேண்டும். ஒரிஜினல் எல்பி-இ10ல் அச்சாகியிருப்பது 860 எம்ஏஎச். அதே அளவிலுள்ள வேறு கம்பெனி பேட்டரியில் 1500. "இவ்ளோ எப்படிங்க?" என்றேன். "எழுதுறதை எழுதுவாங்க சார்" என்றார் அவர். அந்தக் கடையில் கேமராவில் போட்டுப் பார்க்க விடவில்லை. நாலு கடை தள்ளி இன்னொரு கடையில் போட்டுப் பார்க்க விட்டார்கள். சார்ஜ் அளவு திரையில் ஒழுங்காகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு 750 கொடுத்தோம்.

அதிக நேரம் பிடித்தது டிரைபாட். 1,100 ரூபாய்க்கு ஒன்று. பெட்டியில் ஐந்தடி என்று போட்டிருந்தது. நடுக்கம்பியை முழுக்க ஏற்றினால்தான் அந்த உயரம். கேமராவை மாட்டி, லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, எதிர் போர்டின் ஒரு எழுத்தைத் திரையில் நிறுத்தினோம். காலை விரலால் ஒரு தட்டு தட்டினேன். எழுத்து ஆடி அடங்கவே மாட்டேன் என்றது. கம்பியை இறக்கிய பிறகும் அதே கதை. 2,100 ரூபாய் அலுமினியத்தில் அதே தட்டு. இரண்டு ஆட்டத்தில் நின்றுவிட்டது. இரண்டு நொடி டைமர் வைத்து எடுத்தால் அந்த ஆட்டமும் படத்தில் விழாது. அதை வாங்கினோம். கடைக்காரரே அதில் ஒரு திருகைக் காட்டி, "இதை வருஷத்துக்கு ஒருதரம் முறுக்குங்க" என்றார்.

கடற்கரை ஊரில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. எலெக்ட்ரானிக் டிரை கேபினட் எங்கள் கணக்குக்கு எட்டாது. பாத்திரக்கடையில் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகா டப்பா 280. அதற்குள் போட ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 120. ஈரம் குடித்தால் பச்சையாகும், சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். உள்ளே வைக்கும் ஈரப்பத மீட்டர் 250. அது 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும். ரொம்பக் காய்ந்தாலும் ரப்பர் பாகங்களுக்கு ஆகாது.

மொத்தம் 4,500. மிச்சம் 500ஐ அவன் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸுக்கென்று எடுத்து வைத்தான். அதன் விலை பத்தாயிரத்தை ஒட்டி வரும் என்றார்கள். இந்த சென்சாரில் அது 80 எம்எம் போலப் பார்க்கும். முகம் எடுக்க நல்லது, சின்ன அறையில் நின்று குடும்பத்தையே எடுக்க ஆகாது. அவன் எதை அதிகம் எடுக்கிறான் என்பதை முதலில் அந்த 64 ஜிபி சொல்லட்டும்.